"பேச்சு இல்லை" என்று எழுதப்பட்ட மாமி: ரொறன்ரோ முதியோர் இல்லங்களின் கதை

இம்மாத உரையில் வழக்கமான வரி விடயங்களைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு வரலாற்றைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். கடைசியில் எப்படியும் வரியில்தான் வந்து நிற்பேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

என் மனைவியின் தாயார், அதாவது என் மாமி, தன் கடைசிக் காலத்தை ஸ்காபரோவில் உள்ள ஒரு நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்தில் கழித்தார். இல்லத்தின் பெயர் இங்கு தேவையில்லை. அங்கு வேலை செய்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஓடி ஓடி வேலை செய்தார்கள். மாமி போய் மூன்றாவது வாரம் அவருடைய பராமரிப்புக் குறிப்பை எங்களுக்கு வாசித்துக் காட்டினார்கள். பேச்சு இல்லை, உணவை மறுக்கிறார், குளிப்பாட்டும்போது கையால் அடிக்கிறார் என்று இருந்தது.

மாமிக்குப் பேச்சு இல்லையாம்! விடிய ஐந்து மணிக்கு எழும்பினால் தேவாரத்தில் தொடங்கி, பக்கத்து வளவுக்காரியின் மாடு வரை பேசிக்கொண்டே இருக்கிற மனுசி. அன்று நாங்கள் போனபோதும் "பிள்ளை, தேத்தண்ணி ஊத்திப்போட்டியே?" என்றுதான் கேட்டார். அவர் பேசியது தமிழ். குறிப்பு எழுதியவருக்குத் தமிழ் தெரியாது. அவ்வளவுதான் நடந்தது. கனடாவில் இருபது வருடத்துக்கு மேல் இருந்து கொஞ்சம் ஆங்கிலம் பழகியவர்தான். ஆனால் மறதி நோய் வந்தபின் பிந்திப் படித்த மொழி முந்திப் போய்விட்டது. இது பலருக்கும் நடப்பது.

மற்ற இரண்டு வரிகளுக்கும் அர்த்தம் இருந்தது. உணவு என்று வைத்தது உப்பும் உறைப்பும் இல்லாத ஏதோ ஒரு கூழ். வெள்ளிக்கிழமையும் அதில் இறைச்சி கிடந்தது. குளிப்பாட்ட வந்தவர் ஓர் ஆண். ஐம்பது வருடமாகக் கிணற்றடியில் குறுக்குக்கட்டோடு குளித்த மனுசியின் உடுப்பை முன்பின் தெரியாத ஓர் ஆண் வந்து கழற்றினால் அவர் அடிக்காமல் என்ன செய்வார்? பேரேட்டில் ஒரு பதிவு பிழையாக ஏறிவிட்டால் அதற்குப் பின் வருகிற கூட்டல் எல்லாம் பிழைதான். மாமியின் விடயத்தில் அந்தக் கூட்டலின் விடை ஒரு தூக்க மருந்தாக வந்தது.

அதற்குப் பிறகுதான் இந்த நகரத்தில் மற்றச் சமூகங்கள் இதை எப்படிச் சமாளித்தன என்று தேடிப் பார்க்கத் தொடங்கினேன்.

முதலில் இருப்பது யூதர்களின் கதை. முதலாம் உலகப் போருக்கு முன் ரொறன்ரோவுக்கு வந்த கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் ஏழைகள். அவர்களுடைய வயோதிபர்கள் நகரத்தின் பொது இல்லங்களுக்குப் போக நேர்ந்தபோது அங்கே அவர்களுடைய இத்திஷ் மொழி பேச ஆள் இல்லை, சமய முறைப்படியான உணவும் இல்லை. 1913இல் எஸ்றாஸ் நோஷெம் என்ற பெண்கள் பரஸ்பர உதவிச் சங்கம் இதற்கென்று பணம் சேர்க்க இறங்கியது. வீடு வீடாகக் கதவைத் தட்டிச் சில்லறை சேர்த்த பெண்கள் அவர்கள். 1918இல் ஸ்படைனாவுக்குப் பக்கத்தில், செசில் வீதியில், ஒரு சாதாரண வீட்டில் யூத முதியோர் இல்லம் திறந்தது. தொடக்கத்தில் சமையல், துணி துவைப்பு, தையல் எல்லாம் அந்தப் பெண்களே செய்தார்கள். 1954இல் அது பாதர்ஸ்ற் வீதிக்கு இடம் மாறியது. இன்று பேக்ரெஸ்ற் என்று உலகம் அறிந்த முதியோர் மருத்துவ நிலையம் அதுதான். அங்கே போய் வந்த எங்கள் ஆட்கள் பலருக்கு அதன் தொடக்கம் சில்லறைக் காசு என்று தெரியாது.

அடுத்து இத்தாலியர்கள். கட்டட வேலைக்கு வந்து இந்த நகரத்தின் பாதியைக் கட்டியவர்கள். 1971இல் ஓர் அறநிலையத்தை அமைத்து, 1976இல் லோறன்ஸ் அவெனியூ மேற்குக்கு அருகில் வில்லா கொலம்போ இல்லத்தைத் திறந்தார்கள். (எங்கள் கொழும்புக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.) சீனர்களின் மொன் ஷியோங் அறக்கட்டளை 1964இல் தொடங்கியது. அதன் இல்லம் 1975இல் டார்ஸி வீதியில், பழைய சைனா ரவுணுக்குள் திறந்தது.

எங்களுக்கு மிகக் கிட்டிய கதை யீ ஹோங். மருத்துவர் ஜோசப் வோங் ஒரு குடும்ப வைத்தியர். 1979இல் சீ.ரி.வி. தொலைக்காட்சியின் ஒரு நிகழ்ச்சி, இங்கே பிறந்த சீன மாணவர்களையும் வெளிநாட்டார் போலக் காட்டிப் பல்கலைக்கழக இடங்களை அவர்கள் பறிப்பதாகச் சொன்னபோது, அதை எதிர்த்துப் போராட்டம் நடத்தியவர்களில் முன்னணியில் நின்றவர். பொது இல்லங்களில் சீன வயோதிபர்கள் மொழியும் உணவும் இல்லாமல் ஒடுங்கிக் கிடப்பதைக் கண்டு 1987இல் யீ ஹோங்கைத் தொடங்கினார். 1994இல் ஸ்காபரோ மக்னிக்கல் அவெனியூவில் 90 படுக்கைகளுடன் முதல் இல்லம் திறந்தது. பிறகு 2002இல் மார்க்கம், 2004இல் மிசிசாகா, அதே வருடம் ஸ்காபரோ ஃபின்ச். நான்கிலும் சேர்த்து 805 படுக்கைகள்.

இந்த ஃபின்ச் இல்லத்தில்தான் தென்னாசியருக்கென்று ஒரு பிரிவும் இருக்கிறது. எங்கள் ஆட்களுக்கு அங்கே இடம் கிடைத்தது சீனச் சமூகம் கட்டிய கட்டடத்தால். நன்றியோடு சொல்லவேண்டிய விடயம் இது. கொஞ்சம் கூச்சத்தோடும்தான்.

கணக்கன் என்றபடியால் வருடங்களைக் கழித்துப் பார்த்தேன். யூதருக்கு 1913 முதல் 1918 வரை ஐந்து வருடம். இத்தாலியருக்கும் ஐந்து. யீ ஹோங்குக்கு ஏழு. மொன் ஷியோங்குக்குப் பதினொன்று. கூட்டம் போட்ட நாளிலிருந்து முதல் கிழவிக்குப் படுக்கை போட்ட நாள்வரை இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது. இவர்களில் எவரும் அரசாங்கம் வந்து கட்டித்தரும் என்று காத்திருக்கவில்லை. அரசாங்கப் பணம் பின்னால் வந்தது. முன்னால் போனது சமூகத்தின் பணமும் ஒழுங்கான கணக்குப் புத்தகமும்.

தாதியர் தரப்பில் நடந்ததையும் சொல்லவேண்டும். மடலின் லைனிங்கர் என்ற அமெரிக்கத் தாதி 1950களில் சின்சினாட்டியில் மனநலக் குறைவுள்ள பிள்ளைகளிடையே வேலை செய்தார். வெவ்வேறு பண்பாட்டுப் பிள்ளைகள் ஒரே பராமரிப்புக்கு வெவ்வேறு விதமாக நடப்பதைக் கண்டு, மானிடவியல் படித்து, பப்புவா நியூகினியில் போய் இருந்து ஆராய்ந்தார். பண்பாடு கடந்த தாதியியல் என்ற துறை அவரால்தான் உருவானது. அதன் பின் அமெரிக்கத் தாதியர்கள் மெக்சிக்கோ வழி வந்த முதியவர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். குடும்பம் கூடித்தான் முடிவெடுக்கும், மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது, பராமரிப்புப் பெரும்பாலும் மகளின் தலையில் விழும், இல்லத்தில் விடுவது வெட்கம். வாசிக்கும்போது கொக்குவிலைப் பற்றி எழுதியிருக்கிறார்களோ என்று இருந்தது.

நியூசிலாந்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். இரிஹாபெற்றி றாம்ஸ்டன் என்ற மாவோரி இனத் தாதி 1980களின் இறுதியில் பண்பாட்டுப் பாதுகாப்பு என்ற கருத்தை முன்வைத்தார். பராமரிப்பு நல்லதா இல்லையா என்று தீர்மானிக்கவேண்டியவர் தாதி அல்ல, பராமரிப்பைப் பெறுபவரே என்பது அதன் சாரம். 1992இல் அந்நாட்டுத் தாதியர் சபை அதைப் பயிற்சியின் பகுதியாக்கியது. ஒன்ராறியோவிலும் பதிவுபெற்ற தாதியர் சங்கம் 2007இல் பண்பாட்டுப் பன்மை பற்றி ஒரு வழிகாட்டியை வெளியிட்டது.

எங்கள் ஊருக்கும் இது புதிதல்ல. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் இருந்து மேல்நாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மருத்துவர்களைப் பயிற்றினார். நோயாளியின் மொழியில் வைத்தியம் செய்யவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். பிறகு இணுவிலில் மிஷன் பெண்களுக்கென்றே மக்லியோட் ஆஸ்பத்திரியைக் கட்டியது. ஆண் வைத்தியரிடம் எங்கள் பெண்கள் போகமாட்டார்கள் என்று அன்றைக்கே விளங்கிக்கொண்டார்கள். என் மாமி பிறக்க முன்னரே விளங்கியது இது.

இங்கே எங்கள் கதை வேறு ஒழுங்கில் நடந்தது. 1983 ஜூலைக்குப் பின் வந்தவர்களில் பெரும்பாலானோர் இளைஞர்கள். 1986 ஓகஸ்ட் 11ஆம் திகதி நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 பேரை ஓட்டி கஸ் டோல்ற்றனும் மற்ற மீனவர்களும் காப்பாற்றியபோது, அந்தப் படகுகளில் வயோதிபரைத் தேடினால் காணக் கிடைக்காது. சென். ஜேம்ஸ் ரவுணின் மாடிக் கட்டடங்களில் ஓர் அறையில் ஆறு பேர் இருந்து, உணவகங்களில் கோப்பை கழுவிச் சேர்த்த காசில் முதலில் தங்கைமாரைக் கூப்பிட்டார்கள், பிறகு தாய் தகப்பனை. அப்படி ஸ்பொன்சரில் வந்த அம்மா அப்பாக்கள் இங்கே இறங்கும்போதே ஐம்பது, அறுபது வயது. வந்த கையோடு பேரப்பிள்ளையை மடியில் கொடுத்தோம். இரண்டு பேரும் இரட்டை வேலைக்குப் போனோம். ஆங்கில வகுப்புக்குப் போகட்டும் என்று எத்தனை பேர் விட்டோம்? பதின்மூன்றாம் மாடியில் பிள்ளை வளர்த்த அந்த வருடங்களில்தான் அவர்களுடைய ஆங்கிலம் வளராமல் போனது. இப்போது இல்லத்தில் அவர்களுக்கு மொழி இல்லை என்று நாங்கள் குறைப்படும்போது இதையும் கணக்கில் எழுதவேண்டும்.

இன்னொரு விடயத்தில் யூதர்கள் எங்களுக்கு முன்னே போய் வழி வெட்டி வைத்திருக்கிறார்கள். நாசிகளின் முகாம்களில் இருந்து தப்பிய பலர் முதுமையில் பேக்ரெஸ்ற்றுக்கு வந்து சேர்ந்தார்கள். மறதி நோய் வந்ததும் கிட்டடி நினைவுகள் அழிந்து, முகாம் நாட்கள் மேலே வந்தன. குளியலறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் அலறினார்கள். சீருடையைக் கண்டு ஒளித்தார்கள். பாணைத் தலையணைக்குக் கீழே பதுக்கினார்கள். இவர்களை எப்படிப் பராமரிப்பது என்று பேக்ரெஸ்ற் 2003இல் ஒரு கைநூலே வெளியிட்டது.

எங்கள் முதியவர்களின் நினைவில் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். 1987 ஒக்டோபர் 21ஆம் 22ஆம் திகதிகளில் யாழ்ப்பாணம் வைத்தியசாலைக்குள்ளேயே இந்திய இராணுவம் புகுந்து நோயாளர், வைத்தியர், தாதியர் என்று ஏறக்குறைய 70 பேரைக் கொன்றது. அதை அறிந்த ஒருவருக்கு வைத்தியசாலைக் கட்டில் என்பது மற்றவர்களுக்கு இருக்கிற மாதிரிப் பாதுகாப்பான இடமாக இருக்குமா? 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து மழைக்குள் நடந்தவர்களில் பலர் பின்னர் இங்கே வந்தவர்கள். நடக்கமாட்டாத தாயை வீட்டில் விட்டுவிட்டு வந்தவர்களும் அதில் உண்டு. இல்லத்தில் தீ அபாய மணிப் பயிற்சி நடந்த ஒரு நாள், மாமி கட்டிலுக்குக் கீழே போகப் பார்த்து விழுந்தார். "பொம்பர் வருது, கெதியா இறங்கு பிள்ளை" என்று பக்கத்துக் கட்டில் போர்த்துக்கீசக் கிழவியையும் கையில் பிடித்து இழுத்தாராம். குறிப்பில் "குழப்பம்" என்று எழுதியிருந்தார்கள். நாங்கள் போய் விளங்கப்படுத்திய பிறகு தாதி ஒருவர் கண்கலங்கி, அடுத்த பயிற்சிக்கு முன் எங்களுக்குத் தொலைபேசி எடுத்தார்.

எங்களில் இன்னும் பலர் இல்லம் என்ற சொல்லைக் கேட்கவே விரும்புவதில்லை. ஊரில் கைதடி முதியோர் இல்லம் என்றால் யாருமற்றவர் போகும் இடம். பிள்ளை இருக்கிறவர் போனால் பிள்ளைக்குத்தான் அவமானம். அந்த அவமானம் எங்களோடு விமானத்தில் ஏறி வந்தது. ஆனால் ஊரில் தாயைப் பார்த்தது மகள் மட்டும் அல்ல. வளவில் நாலு வீடு, அன்ரி, மச்சாள், வேலிக்கால் எட்டிப் பார்க்கிற அயல் எல்லாம் சேர்ந்து பார்த்தது. இங்கே அந்த முழு வளவின் வேலையும் ஸ்காபரோவில் ஒரு மகளின் இரண்டு கையில் விழுகிறது. மாமியை என் மனைவி ஆறு வருடம் வீட்டில் வைத்துப் பார்த்தார். இரவில் வெளிக்கதவைத் திறந்துகொண்டு பனிக்குள் மாமி வெறுங்காலோடு போன பிறகுதான் விண்ணப்பம் போட்டோம். அதையும் ஒரு வருடம் ஒருவருக்கும் சொல்லவில்லை. கோவிலில் கேட்டவர்களுக்கு "மாமி அண்ணன் வீட்டில" என்று நானே பொய் சொல்லியிருக்கிறேன்.

ஒளித்ததால் என்ன நடக்கிறது என்றால், தேவை எவ்வளவு என்று ஒருவருக்கும் தெரியாமல் போகிறது. ஒன்ராறியோவின் காத்திருப்புப் பட்டியலில், குறிப்பிட்ட சமயம், இனம் அல்லது மொழி சார்ந்தவர்களுக்கென்று நடக்கும் இல்லத்தைக் கேட்பவர்களுக்குத் தனி வகை ஒன்று உண்டு. வோங் போன்றவர்கள் கட்டிய இல்லங்களுக்குள் அவர்களுடைய ஆட்கள் போவது அந்தக் கதவால். தமிழ் இல்லம் வேண்டும் என்று கூட்டங்களில் பேசுகிறோம். பெயர் கொடுத்துப் பட்டியலில் நிற்கத்தான் வெட்கப்படுகிறோம். ஸ்காபரோவில் தமிழ்ச் சமூக மையத்துக்கு 2021இல் மத்திய, மாகாண அரசுகள் நிதி அறிவித்தன. நல்ல விடயம். அதற்காகக் கூடியவர்கள் இதற்காகவும் கூடலாம்.

சட்டம் எங்கள் பக்கம் ஒரு கையையும் எங்களுக்கு எதிராக ஒரு கையையும் நீட்டுகிறது. இல்லம் என்பது முதலில் அங்கே வசிப்பவரின் வீடு, அவருடைய உடல், சமூக, ஆன்மீக, பண்பாட்டுத் தேவைகள் அங்கே நிறைவேறவேண்டும் என்று 2007ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. அதற்குப் பதிலாக 2022இல் நடைமுறைக்கு வந்த சட்டமும் அதையே சொல்கிறது. ஆனால் அதே 2022இல் ஒன்ராறியோ இன்னொரு சட்டத்தையும் நிறைவேற்றியது. வைத்தியசாலையில் சிகிச்சை முடிந்து இல்லத்துக்காகக் காத்திருக்கும் ஒருவரை, அவர் சம்மதிக்காவிட்டாலும், தென் ஒன்ராறியோவில் 70 கிலோமீற்றர் தூரம் வரையிலுள்ள இல்லம் ஒன்றுக்குத் தெரிவுசெய்யலாம். போக மறுத்தால் நாளொன்றுக்கு 400 டொலர் கட்டணம். ஸ்காபரோ வைத்தியசாலையிலிருந்து 70 கிலோமீற்றர் என்றால் ஓஷவாவையும் தாண்டும். தமிழ் காதில் விழாத ஓர் ஊரில், கார் ஓட்டத் தெரியாத தாத்தா தன் மனைவியைப் பார்க்க எத்தனை பஸ் மாறுவார்?

ஆகவே வீட்டில் முதியவர் இருப்பவர்கள் விழுந்து வைத்தியசாலைக்குப் போகும்வரை காத்திராமல் விண்ணப்பத்தை முன்கூட்டியே பேசி வையுங்கள். ஐந்து இல்லங்கள் வரை தெரிவுசெய்யலாம். நேரில் போய்ப் பாருங்கள். எத்தனை தமிழ்ப் பணியாளர் இருக்கிறார்கள், இரவிலும் இருக்கிறார்களா, பெண்ணைப் பெண்தான் குளிப்பாட்டுவாரா என்று வாய் திறந்து கேளுங்கள். தனிநபர் பராமரிப்புக்கான தத்துவப் பத்திரத்தை, ஆள் தெளிவாக இருக்கும்போதே எழுதுவியுங்கள்.

மாமிக்கு நாங்கள் செய்தது பெரிய வேலை ஒன்றும் இல்லை. ஓர் அட்டையில் பன்னிரண்டு சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதிக் கட்டிலுக்கு மேல் ஒட்டினோம். தண்ணி, நோகுது, குளிருது, மூத்திரம், போதும், வேண்டாம், இப்படி. பிலிப்பைன்ஸ் நாட்டுப் பராமரிப்பாளர் ஒருவர் இரண்டு வாரத்தில் "அம்மா, நோகுதா?" என்று கேட்கப் பழகிவிட்டார். நெற்றியில் திருநீறு பூசுவது அழுக்கு அல்ல, துடைக்கவேண்டாம் என்றும் எழுதினோம். ஞாயிறு தோறும் குழைத்த சோறும் பருப்பும் நெய்யும் கொண்டுபோக அனுமதி வாங்கினோம். ஒரு தமிழ்ப் பிள்ளை இரவு வேலைக்கு வந்து சேர்ந்தபின் தூக்க மருந்தைப் பாதியாகக் குறைத்தார்கள். "பேச்சு இல்லை" என்ற வரியை வெட்டித் "தமிழ் பேசுவார்" என்று மாற்ற மட்டும் எங்களுக்கு நாலு மாதமும் மூன்று கூட்டமும் பிடித்தது.

இனி நான் முதலில் சொன்ன வரிக்கு வருகிறேன். இல்லத்தில் அடிப்படை அறைக்கு மாதம் 2,000 டொலருக்குச் சற்று மேலே வரும். வருமானம் குறைந்தவருக்கு அதில் கழிவு உண்டு. அதைக் கேட்க வருமான வரித் திணைக்களத்தின் மதிப்பீட்டுக் கடிதம் வேண்டும். "அம்மாவுக்கு வருமானம் இல்லைத்தானே, ஏன் வரி எழுதுவான்?" என்று ஒவ்வொரு பங்குனியும் என்னிடம் கேட்கிறீர்கள். வருமானம் இல்லாவிட்டாலும் எழுதுங்கள். முதியோர் ஓய்வூதியத்துக்குக் கனடாவில் பத்து வருட வசிப்பு வேண்டும் என்பதால் அவர்கள் வந்து இறங்கிய திகதியைக் காட்டும் பத்திரங்களையும் எறியாமல் வையுங்கள். 1986இல் படகில் வந்தபோது இருபத்தைந்து வயதாக இருந்தவருக்கு 2026இல் அறுபத்தைந்து. அவருடைய பத்திரங்களையும் சேர்த்தே கொண்டுவாருங்கள்.